ஆரத்திச் சுண்ணாம்பு

ஜனவரி 30, செவ்வாய்

வரி கோணிக்கொண்டு போகிறது. வலது கண்ணில் கட்டு; இடது கண்ணை மட்டும் நம்பி எழுதுகிறேன். பாளையங்கோட்டை கான்வென்டில் சிஸ்டர் இமெல்டா இந்தக் கையெழுத்தைப் பார்த்திருந்தால் முழுப் பக்கத்தையும் மறுபடி எழுத வைத்திருப்பார். இருந்தாலும் நடந்ததை எழுதிவைப்பது நல்லது. வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

என் ஒரே மகன் சங்கரனும் அவன் மனைவி தாரணியும் கோயம்புத்தூரில் வாங்கிய புது ஃபிளாட்டில் ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சினோம். தாரணி அவனாகத் தேடிக்கொண்ட பெண். அவள் அம்மா ராமாத்தாள் காங்கேயத்துக்காரி. கணவரோடு சேர்ந்து எண்ணெய்ச் செக்கு நடத்துகிறாள். செக்குச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

வாசலில் பிள்ளைகளை நிறுத்தி ஆரத்தி எடுக்க வேண்டும். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால்தான் சிவக்கும். அதற்கு ஒரு அளவு உண்டு. நான் கலக்கத்தான் போனேன், எடுக்க அல்ல. என் கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. வழக்கம் எனக்குத் தெரியும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுண்ணாம்பு பாக்கெட் இறுகிப்போயிருந்தது. அமுக்கிக்கொண்டிருந்தேன். ராமாத்தாள் பக்கத்தில் வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சம்பந்தியம்மா, நீங்களே எடுங்க. இந்தக் காலத்துல ஆரு என்ன சொல்லப்போறாங்க," என்றாள்.

அனுமதி கொடுக்கிறாள். என் மகன் வீட்டு வாசலில், எனக்கு.

"எனக்கு அதெல்லாம் வேண்டாம். நான் கலந்து தர்றேன், நீங்க எடுங்க."

"அட, அதைக் குடுங்க, நான் அமுக்கறேன்."

பாக்கெட்டைப் பிடித்தாள். நான் விடவில்லை. அவளும் விடவில்லை. பாக்கெட் வெடித்தது. எனக்கு வலது கண்ணில், அவளுக்கு இடது கண்ணில்.

அவள் உடனே "தண்ணி, தண்ணி" என்று கத்திக்கொண்டு துணி துவைக்கும் குழாயடியில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து தலையை நீட்டிவிட்டாள். ஒரு கையால் என்னையும் இழுத்தாள். "குனிங்க சம்பந்தியம்மா, தலையைக் குனிங்க." வீடு நிறைய விருந்தாளிகள். நான் கையை உதறிவிட்டு, கைக்குட்டையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி முறையாகக் கழுவிக்கொண்டேன். சுத்தமான துண்டு தேட வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

இப்போது கண் மருத்துவமனையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். வேறு அறை இல்லையாம்.

மாலையில் பெனிட்டா என்றொரு பெண் வந்தாள். கண்ணில் சுண்ணாம்போ அமிலமோ பட்டு வருகிறவர்களுக்கு எந்தச் சொட்டு மருந்து சீக்கிரம் புண்ணை ஆற்றுகிறது என்று இங்கே ஆராய்ச்சி நடக்கிறது. மருந்து இரண்டு விதம். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குகிற மாதிரி முடிவு செய்யும், டாக்டருக்கே தெரியாது. அதுவரை கேட்டேன். அப்புறம் ஒரு படிவத்தை எடுத்து, குழந்தைக்குச் சொல்வதுபோலத் தமிழில் உரக்க வாசிக்கத் தொடங்கினாள்.

"இங்கிலீஷ் பிரதி இருக்காம்மா?"

"இருக்கு மேடம். கண் கட்டியிருக்கே, நான் வாசிச்சுச் சொல்லிடறேனே."

"கொடு. இதைவிடக் கஷ்டமானதை ஆறாம் வகுப்பிலேயே படிச்சிருக்கேன்."

எழுத்தெல்லாம் எறும்பாக ஓடியது. அது அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. படித்துவிட்டேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

ராமாத்தாள் முழுதையும் வாசிக்கச் சொல்லி, வரிக்கு வரி நிறுத்தி, "அப்படீன்னா என்னங்கண்ணு? அதை எதுல இருந்து எடுப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக் காதில் தலையணையை வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 31, புதன்

ரத்தம் எடுத்தார்கள், குழாய் குழாயாக. சர்க்கரை பார்க்கவாக இருக்கும். எனக்கு மூன்று இடத்தில் குத்தினார்கள். ராமாத்தாளுக்கு ஒரே குத்து. "உங்க நரம்பு சூப்பரும்மா," என்றாள் நர்ஸ். நரம்புக்கும் பாராட்டு வாங்குகிறாள்.

பிப்ரவரி 2, வெள்ளி

இருவரையும் சங்கரன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டான். அடிக்கடி காட்ட வேண்டும் என்பதால் இருவரும் இங்கேயே இருக்க வேண்டும். எனக்கு இந்த அறை. அவள் ஹாலில் சோபாவில் படுத்துக்கொள்கிறாள்; அதுதான் வசதி என்கிறாள். டிவி அங்கேதான் இருக்கிறது.

சொட்டு மருந்துக்கு ஆளுக்கொரு சின்னப் பாட்டில். நிறம் தெரியாதபடி வெள்ளித்தாள் சுற்றி மேலே எண் ஒட்டியிருக்கிறார்கள். என்னுடையது 41, அவளுடையது 42. ஃப்ரிட்ஜ் கதவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. "நம்பரெல்லாம் ஆரு பாத்துக்கிட்டுங்க" என்று அவள் தன் பாட்டிலுக்கு ஒரு சிவப்பு ரப்பர் பேண்டு மாட்டிக்கொண்டாள். ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள முடியாதா ஒருவரால்?

பிப்ரவரி 6, செவ்வாய்

மருத்துவமனை. டாக்டர் இளவேனில் சின்னப் பெண்தான்; ஆனால் கை நடுங்காது, வார்த்தையும் வீணாக்க மாட்டாள். கண்ணில் பச்சைச் சாயம் விட்டு நீல விளக்கில் பார்த்தாள். ராமாத்தாளின் கருவிழிப் புண் பாதிக்கு மேல் மூடிவிட்டது. எனக்கு ஓரத்தில் கொஞ்சம் மட்டும்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பாக்கெட்தானே பட்டது? நீங்களும் உடனே கழுவிட்டீங்கதானே மேடம்?"

"உடனே," என்றேன்.

பெனிட்டா குறித்துக்கொண்டாள்.

வரும்போது காரில் ராமாத்தாள் சங்கரனிடம், "மாப்ளே, நானும் உங்கம்மாவும் சேந்தா ஒரு முழு ஆளுங்க. எனக்கு வலது கண்ணு, அவுங்களுக்கு இடது கண்ணு," என்றாள். அவன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான். பச்சை விளக்கு விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவன் இப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனையோ வருடமாகிறது. சாலையில் கவனம் வேண்டும் என்று சொன்னேன்.

பிப்ரவரி 7, புதன்

தாரணி கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள். உப்பு தூக்கல். ராமாத்தாள் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

பிப்ரவரி 9, வெள்ளி

ராமாத்தாளின் கணவர் சின்னச்சாமி பஸ்ஸில் இளநீர்க் குலையோடு வந்து இறங்கினார். என்னிடம் "இப்ப எப்படிங்க இருக்குது?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டார். மரியாதை தெரிந்த மனிதர்தான்.

மாலையில் நான் பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவு வழியாக ஹால் தெரியும். அவள் தரையில் உட்கார்ந்து சோபாவில் தலை சாய்த்திருந்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு கையால் அவள் இமையைப் பிரித்து, சொட்டு வைத்தார். குறி தவறிக் கன்னத்தில் விழுந்தது. "செக்குல எண்ணெ ஊத்தறவரு, கண்ணுல ஒரு சொட்டு ஊத்தத் தெரியலையே," என்றாள். அவர் தோள் துண்டால் கன்னத்தைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

என் கணவர் அப்படியெல்லாம் செய்கிறவர் இல்லை. எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியர். வேலை அதிகம். எனக்கும் தேவைப்பட்டதில்லை.

என் சொட்டை நானே கண்ணாடி பார்த்து வைத்துக்கொள்கிறேன். ஒன்றுகூட வீணாவதில்லை.

சின்னச்சாமி ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அவள் கண் இன்னும் தெளிந்துவிட்டது என்று தாரணி சொல்கிறாள். எந்த மருந்து நல்ல மருந்து என்று இதற்குமேல் என்ன ஆராய்ச்சி?

பிப்ரவரி 10, சனி

ஃப்ரிட்ஜைத் துடைத்து ஒழுங்குபடுத்தினேன். கதவுத் தட்டில் எல்லாவற்றையும் எடுத்து மறுபடி அடுக்க வேண்டியிருந்தது. சிவப்பு ரப்பர் பேண்டு கழன்றது. மாட்டி வைத்தேன். எலுமிச்சம்பழம் இரண்டு அழுகியிருந்தது.

பிப்ரவரி 12, திங்கள்

முன்பு சொட்டு விழுந்தால் கொஞ்சம் கொழகொழப்பாக இருக்கும். இப்போது தண்ணீர்போல லேசாக இறங்குகிறது. நல்ல மருந்து அப்படித்தான் இருக்கும்.

பிப்ரவரி 14, புதன்

காலையிலிருந்து கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தல். விளக்கைப் பார்த்தால் நீர் கொட்டுகிறது. ஆறும்போது அப்படி இருக்கும். யாரிடமும் சொல்லவில்லை.

ராமாத்தாள் தாரணியிடம், "இப்பெல்லாம் மருந்து இன்னும் குளுகுளுன்னு இருக்குதுடி," என்றாள்.

பிப்ரவரி 16, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

டாக்டர் இளவேனில் என் கண்ணை வெகுநேரம் பார்த்தாள். புண் பெரிதாகியிருக்கிறது. மூடியிருந்த ஓரமும் திறந்துவிட்டது. ராமாத்தாளுக்கு முழுக்க ஆறிவிட்டது.

மீதி மருந்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பெனிட்டா எங்கள் இருவரிடமிருந்தும் பாட்டிலை வாங்கி எண்ணைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"ராமாத்தாள்மா, நீங்க 42தானே? இது 41."

டாக்டர் முகம் மாறிவிட்டது. யாருக்கோ ஃபோன் செய்தாள். காத்திருக்கச் சொன்னார்கள். சங்கரனும் தாரணியும் எங்கள் பின்னால் நின்றார்கள். பெனிட்டா ஒரு சீட்டோடு வந்தாள். டாக்டர் என் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள்.

"மேடம், 41 உங்க ரத்தத்துல செஞ்ச சொட்டு."

"என்ன ரத்தம்?"

"உங்களதுதான். அன்னைக்கு எடுத்தோமே. அதைத் தெளிய வெச்சு, மேல நிக்கிற நீரை எடுத்துச் செய்யறது. புண்ணை ஆத்தற சத்து அதுல இருக்கு. அதை மத்த சொட்டோட ஒப்பிடறதுதான் இந்த ஆராய்ச்சியே. 42ல இருந்தது வெறும் உப்புத் தண்ணி மாதிரிதான். பாட்டில் மாறினதுல இருந்து நீங்க அதை ஊத்தியிருக்கீங்க. இவங்க உங்க ரத்தத்தை ஊத்தியிருக்காங்க."

பெனிட்டா மெதுவாக, "படிவத்துல முதல் பக்கத்துலயே இருக்கே மேடம். ஒருத்தரது இன்னொருத்தருக்குப் போகவே கூடாதுன்னு. நீங்க படிச்சீங்களே," என்றாள்.

"படித்தேன்," என்றேன்.

ராமாத்தாள் மேசையிலிருந்து பாட்டிலை எடுத்து, அதில் இருந்த ரப்பர் பேண்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் பாட்டிலை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எம்மேலதானுங்க தப்பு. ரப்பர் பேண்டு கழண்டுச்சு. கண்ணு தெரியாம மாத்தி மாட்டிப்போட்டேன்."

தாரணி வெடித்துவிட்டாள். "உனக்கு எதுலதாம்மா கவனம்? அத்தைக்குக் கண்ணு போயிருந்தா என்ன பண்ணியிருப்ப?" சங்கரன் என் தோளில் கை வைத்தான். அவனாக என் தோளில் கை வைப்பது அபூர்வம். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

இருவர் ரத்தத்திலும் முன்பே நோய்ச் சோதனை செய்திருப்பதால் அந்தப் பயம் இல்லை என்றாள் டாக்டர். ஆராய்ச்சியிலிருந்து இருவரையும் நீக்கிவிட்டார்கள். எனக்கு மறுபடி ரத்தம் எடுத்துச் சொட்டு செய்யலாம் என்றால் எனக்கு ரத்தச்சோகை, எடுக்கக் கூடாதாம். சீக்கிரம் மூடாவிட்டால் கண்மேல் சவ்வு வைத்துத் தைக்க வேண்டும். தைத்தாலும் பார்வை பழையபடி வருமா என்று சொல்ல முடியாது. ஒரே ரத்த வகையுள்ள சொந்தக்காரர் கொடுத்தால், எல்லாச் சோதனையும் செய்து, அதில் செய்யலாமாம். சங்கரனுக்கு அவன் அப்பாவின் வகை. என்னுடையது பி பாசிட்டிவ்.

"எனக்கும் அதுதானுங்களே," என்றாள் ராமாத்தாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

கிளம்பும்போது டாக்டர் என்னிடம் தனியாக, "ஒண்ணுதான் மேடம் புரியல. அவங்களுக்கு உப்புத் தண்ணியிலயே பாதிக்கு மேல ஆறிடுச்சு. அதுக்குக் காரணம் மருந்து இல்ல, அன்னைக்கே குழாய்ல உட்கார்ந்தாங்களே, அதுதான். நீங்களும் உடனேதானே கழுவினீங்க?" என்றாள்.

நான் கைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினேன்.

பிப்ரவரி 17, சனி

பிள்ளைகள் கடைக்குப் போன நேரம் சமையலறைக்குப் போனேன். ராமாத்தாள் பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எப்படீங்க?"

"உங்க தப்புன்னு."

அவள் சீவுவதை நிறுத்தவில்லை. "நான் ரப்பர் பேண்டை எப்பவும் ரெண்டு சுத்துச் சுத்துவேனுங்க. செக்குல அப்படித்தான், எண்ணெப் பாட்டிலுக்கு. ஆஸ்பத்திரியில எடுத்துப் பாத்தா ஒரு சுத்துதான் இருந்துச்சு. வீட்டுல நான் அதைக் கவனிக்கவே இல்லைங்க."

"அங்கேயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லி? பையன் பின்னாடி நிக்கறாரு. அவரு மூஞ்சியை நீங்க எப்படீங்க பாப்பீங்க?" தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "விடுங்க. எம்பொண்ணு என்னைத் திட்டறது புதுசா என்ன? இந்தத் தோலைக் கொட்டீராதீங்க, துவையல் அரைக்கலாம்."

அறைக்கு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை.

கண் ஆறியது அவளுக்கு. சொட்டு வைக்கக் கணவர் அவளுக்கு. என் மகனின் சிரிப்பு அவளுக்கு. கடைசியில் நான் செய்ததையும் எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு அந்தப் பெருந்தன்மையையும் தானே வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள். என் ஆயுசு முழுக்க அவள் சொல்லாமல் இருப்பாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதை மட்டும் அவளிடம் விட முடியாது.

பிப்ரவரி 19, திங்கள்

எல்லோரையும் மருத்துவமனைக்கு வரச் சொன்னேன். சங்கரன் லீவு போட வேண்டியிருந்தது. பெனிட்டாவைப் பேனா எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"ராமாத்தாள் சொன்னது பொய். பாட்டிலை மாற்றியது நான். தெரிந்துதான் மாற்றினேன். அவங்க மருந்து உசத்தின்னு நினைச்சேன்."

தாரணி என்னைப் பார்த்தாள். பிறகு தன் அம்மாவைப் பார்த்தாள். சங்கரன் தரையைப் பார்த்தான்.

"ஏம்மா," என்றான். கேள்வியாகக்கூட இல்லை.

"இன்னும் முடியலை. நான் கண்ணை உடனே கழுவலை. அதையும் திருத்திக்கோம்மா."

பெனிட்டா, "எவ்வளவு நேரம் ஆச்சு மேடம்?" என்றாள்.

"கால் மணிக்கு மேல இருக்கும். துண்டு தேடினேன்."

"துண்டா?"

"வெள்ளைத் துண்டு. பெட்டியின் அடியில் இருந்தது."

அவள் எழுதிக்கொண்டாள். டாக்டர் இளவேனில் என்னைக் கண்டிக்கவில்லை. "இதை நீங்க சொன்னது பெரிய உபகாரம்," என்றாள். "உங்க ரெண்டு பேரையும் பாத்து, மருந்தைப் பத்தித் தப்பா யோசிச்சுக்கிட்டு இருந்தேன்." மருந்தில் வித்தியாசம் இருக்கிறதோ இல்லையோ, முதல் தண்ணீரில் இருக்கிறது என்று சங்கரனிடமும் சொன்னாள். அவன் தலையசைத்தான். என் பக்கம் திரும்பவில்லை.

ராமாத்தாள் மட்டும் என் காதருகே, "நான்தான் விடுங்கன்னு சொன்னேனில்லீங்க," என்றாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. எனக்கு அது திருப்தியாக இருந்தது.

"ரத்தம் கொடுக்கிறீங்களா?" என்று நானே கேட்டேன். அவளாக இன்னொரு முறை சொல்லும்வரை காத்திருக்க எனக்கு இஷ்டமில்லை. கேட்பது, கொடுக்கப்படுவதைவிட மேல்.

கையை நீட்டிவிட்டாள். இன்றும் ஒரே குத்து.

பிப்ரவரி 21, புதன்

புதுப் பாட்டில் வந்தது. எண் இல்லை, வெள்ளித்தாள் இல்லை. என் பெயரும் கொடுத்தவர் பெயரும் மேலும் கீழுமாக எழுதியிருக்கிறது. இளமஞ்சள். நல்லெண்ணெயைத் தண்ணீரில் கலக்க முடிந்தால் அப்படி இருக்கும்.

கண் கூசுவதால் கண்ணாடி பார்த்து வைக்க முடியவில்லை. இரண்டு சொட்டு மூக்கில் போயிற்று. சங்கரனைக் கூப்பிடலாம். காலையில் காபி கொடுத்தான், பேசவில்லை.

கதவில் ராமாத்தாள் நின்றிருந்தாள். "எரத்தத்தை வீணாக்காதீங்க சம்பந்தியம்மா. நான் சோறு தின்னு ஊறுனது."

பாட்டிலைக் கொடுத்தேன்.

"தலையைச் சாயுங்க. இன்னும். கழுத்தை ஏன் விறைக்கறீங்க, நான் என்ன உங்க தலையையா வாங்கப்போறேன்?"

சாய்த்தேன். அவள் விரலில் எள் வாசனை. சொட்டு சரியாக நடுவில் விழுந்தது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, இமைமேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவள் கணவரிடம் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

நானும் கையை எடுக்கச் சொல்லவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

ஓரம் மூடத் தொடங்கிவிட்டது. தைக்க வேண்டாம் என்றாள் டாக்டர். ராமாத்தாளைப் பார்த்து, "உங்க மருந்துதான்," என்றாள். அவள் சிரித்தாள். சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

மார்ச் 4, திங்கள்

கட்டு இல்லாமல் எழுதுகிறேன். வலது கண்ணில் மெல்லிய புகை மாதிரி ஒன்று நிற்கிறது; அது நிற்கும், போகாது என்றார்கள். வரி நேராக வருகிறது.

சங்கரன் இரவு சாப்பாட்டில், "அம்மா, ரசம் போதுமா?" என்று கேட்டான். போதும் என்றேன். அப்புறமும் ஒரு கரண்டி ஊற்றினான்.

மார்ச் 10, ஞாயிறு

ராமாத்தாள் நாளை ஊருக்குப் போகிறாள். போவதற்கு முன், அன்று நின்றுபோன ஆரத்தியை எடுத்துவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பிள்ளைகள் ஆரத்தி இல்லாமல் வீட்டுக்குள் வந்தது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறதாம்.

பாக்கெட் வேண்டாம் என்று தகர டப்பாவில் சுண்ணாம்பு வாங்கி வைத்திருந்தாள். நான் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஸ்பூன் காம்பால் எடுத்துக் கலந்தேன். முதல் தடவையே சரியான சிவப்பு. அவள் எட்டிப் பார்த்தாள்.

சங்கரனும் தாரணியும் வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அவளை அழைத்துப்போக வந்திருந்த சின்னச்சாமி சூடத்தை ஏற்றினார். ராமாத்தாள் தட்டைத் தூக்கியவள் நின்றாள்.

"சம்பந்தியம்மா, இந்தப் பக்கம் ஒரு கை புடிங்க. எனக்கு இடது கண்ணு இன்னும் மசமசன்னுதான் இருக்குது. கொட்டிருவேன்."

காலையில் ஆறாவது மாடியில் நின்றுகொண்டே, கீழே தெருவில் போகிற காய்கறி வண்டியில் கொத்தமல்லி வாடியிருக்கிறது என்று சொன்னவள் அவள்.

எதிர் ஃபிளாட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்த் தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தேன். சேர்ந்து சுற்றினோம். அவள் வேகம் அதிகம். என் வேகத்துக்கு வர வைத்தேன். ஒரு துளி சிந்தவில்லை.

தட்டில் என் பக்கம் ஒரு விரல் உயரமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.